ஏழு சீட்டிலும் ஒரே பெயர்

அத்தியாயம் 11

சின்னவளின் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. போன வாரம் மாப்பிள்ளை வீட்டாரோடு நடந்த பேச்சில் என் மாமியார் குரலை உயர்த்தாமலே ஜெயித்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒன்றுதான். சின்னவள் தன் தோழிகளோடு இரண்டு நாள் வெளியூர் போக வேண்டும். பேச்சலரெட் பார்ட்டி, கல்யாணத்துக்கு முன் பெண்கள் மட்டும் கூடும் கொண்டாட்டம்.

"அதென்னடி பேச்சு ரொட்டி?" என்று மாமியார் ஒருநாள் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தவள் மூத்தவள். என் மனைவி. அவள் இறந்துபோய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. வேலை என்னிடம் வந்தது.

நான் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் எஸ்டிமேட் போடுகிறவன். செங்கல் எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டை, கொத்தனார் எத்தனை நாள். பெண்கள் எத்தனை பேர், ஏரிக்கரை வீடு எத்தனை இரவு என்பதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான் என்று நினைத்தேன்.

வீடு இரண்டு இரவுக்குப் பதினாறாயிரம். வேன், டிரைவர், டீசல் பதின்மூன்றாயிரம். சாப்பாடு பன்னிரண்டாயிரம். படகு மூவாயிரத்து ஐநூறு. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம். அதை நான் எதற்கும் சேர்ப்பேன். முழுமையாக்கினால் நாற்பத்தொன்பதாயிரம். ஏழு பேர். ஆளுக்கு ஏழாயிரம்.

சனிக்கிழமை சின்னவள் மாடிக்கு வந்தாள். நான் இன்னும் அவர்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். காலி செய்யும்படி யாரும் சொல்லவில்லை. நானும் செய்யவில்லை.

"அத்தான், ஆளுக்கு எவ்வளவு வருது?"

"ஏழாயிரம்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடிக்குப் போனாலும் முதலில் மூச்சு வாங்குவதுபோல நடிப்பாள். அன்று நடிக்கவில்லை.

"ஸ்டியரிங்கால முடியாது அத்தான்."

ஸ்டியரிங் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பாலிடெக்னிக் விடுதியில் சின்னவளோடு மூன்று வருஷம் ஒரே அறை. தம்பி படிப்பு, அம்மா மருந்து, வீட்டு வாடகை எல்லாம் அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. என் மனைவி போன அன்று யாரும் கூப்பிடாமல் வந்தாள். மூன்று நாள் எங்கள் சமையலறையில் நின்றாள். எனக்கு அந்த மூன்று நாளில் வேறு எதுவும் நினைவில்லை. அவள் தட்டை வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கதவருகே நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

"அவ பங்கை நான் போடறேன்" என்றேன்.

"வாங்க மாட்டா. காய்ச்சல்னு சொல்லிட்டு வராம இருந்துருவா. இதுவரைக்கும் மூணு கல்யாணத்துக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கு."

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு அவள் முகம் மாறியது. அந்த முகத்தைப் பார்த்தபோதே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

"ஏழு பேர் வந்தா ஒருத்தருக்கு இலவசம்னு ஏரி வீட்டுக்காரர் சொன்னதா போடுங்க. யாருக்குன்னு குலுக்கல். நீங்கதான் குலுக்குவீங்க."

"குலுக்கினா யார் பேர் வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏழு சீட்டுலயும் அவ பேரையே எழுதுங்க."

நான் ஒப்புக்கொண்டேன்.

*

எங்கள் தொழிலில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு தாள் உண்டு. வெளித் தாள் வாடிக்கையாளருக்கு. உள் தாள் எங்களுக்கு. உள் தாளில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ளதை உள்ளபடி எழுதுவோம். 'மணல்காரர்: ஒருநாள் தாமதிப்பார்.' 'வீட்டுக்காரர்: கடைசித் தவணையை இழுப்பார்.' ஒன்பது வருஷத்தில் என் உள் தாளை வெளியார் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தோழிகளின் குரூப்பில் எஸ்டிமேட்டை அனுப்பினேன். குரூப்பின் பெயர் 'ஏழரை'. ஏழு பெண்கள், அரைக்கு நான். அங்கே எல்லோருக்கும் நான் 'பட்ஜெட் அத்தான்'.

ஐந்து நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை.

பிறகு பாட்டு டீச்சர் எழுதினாள். 'நான் பேரம் பேசுவேனா???'

உடனே அதை அழித்தாள்.

அப்போதுதான் அனுப்பிய தாளை நானே திறந்து பார்த்தேன்.

'பல் டாக்டர்: தருவார். நேரத்துக்கு வரமாட்டார்.'

'பாட்டு டீச்சர்: பேரம் பேசுவார்.'

'ஸ்டியரிங்: இயலாது. பங்கு என் கணக்கில். குலுக்கல், ஏழு சீட்டிலும் இவர் பெயர்.'

திரையில் ஒரு சிறிய வரி வந்தது. 'ஸ்டியரிங் குழுவிலிருந்து வெளியேறினார்.'

படியில் தடதடவென்று சத்தம். சின்னவள் தலைக்குச் சோப்புப் போட்டபடியே வந்து நின்றாள். காதோரம் நுரை வழிந்தது.

"என்ன அத்தான் பண்ணி வச்சிருக்கீங்க?"

"தாள் மாறிடுச்சு."

"தாள் மாறிடுச்சா? ஒன்பது வருஷமா மாறாத தாளு இன்னைக்குத்தான் மாறணுமா?"

"தப்புதான்."

"போன் எடுக்க மாட்டேங்கறா. அவ வரலன்னா நான் போகல. இந்தப் பேச்சு ரொட்டியே வேணாம். என்கிட்டப் பத்து வருஷத்துல எதுவும் கேக்காதவ அவ ஒருத்திதான். அவளை எல்லார் முன்னாடியும் கையேந்தறவ மாதிரி ஆக்கிட்டோமே."

ஆக்கிவிட்டீர்களே என்று சொல்லவில்லை. ஆக்கிவிட்டோமே என்றாள். அதைக் கவனித்தேன்.

பின்னாலேயே மாமியார் டீயோடு வந்தார். வீட்டிலிருந்தபடி சட்டைத் தொழிற்சாலைக்குக் காலர் தைக்கிறவர். விரலில் உறை, தோளில் அளவு நாடா. அதோடுதான் எங்கும் வருவார்.

"கத்தாதடி, தெருவுக்கே கேக்குது. ஏன் மாப்பிள்ளை, அந்த ஏரி வீட்டுல படி நிறைய இருக்கா?"

"இருபது இருபத்தஞ்சு இருக்கும் அத்தை."

"அவ்வளவா? தண்ணி ஆழமோ?"

"அம்மா! இப்ப அதுவா முக்கியம்?" என்றாள் சின்னவள். நுரையை அலசிவிட்டு, தலையைத் துவட்டாமலே ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "ஏறுங்க அத்தான். பஸ் ஷெட்டுக்குப் போறோம். வழியில எதுவும் பேசாதீங்க."

நான் பேசவில்லை. அது எனக்குச் சிரமமே இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகளைக் கழுவுவார்கள். வரிசையாக முப்பது மஞ்சள் பேருந்துகள். கடைசிப் பேருந்தின் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள் ஸ்டியரிங். குள்ளமானவள். தலையணை போட்டு உட்கார்ந்துதான் வண்டி ஓட்டுவாள். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தாள்.

"வாங்க பட்ஜெட் அத்தான்" என்றாள், திரும்பாமலே. "கண்ணாடியில பார்த்தேன்."

"காய்ச்சலாடி?" என்று கேட்டாள் சின்னவள்.

"இன்னும் வரல. சாயங்காலம் வரும்."

"சாரிடி."

"எதுக்கு? செஞ்சதுக்கா, மாட்டிக்கிட்டதுக்கா?"

நான் முன்னால் போனேன்.

"தப்பு என்னோடதும்மா. தாள் மாறிப்போச்சு."

"மாறலன்னா தப்பில்லையா அத்தான்?"

தண்ணீர் சக்கரத்தில் பட்டு எங்கள் மூவர் மீதும் தெறித்தது. யாரும் விலகவில்லை.

"ஏழு சீட்டுலயும் என் பேரு" என்றாள் ஸ்டியரிங். "நீங்க குலுக்கியிருப்பீங்க. ஒண்ணை எடுத்து என் பேரைப் படிச்சிருப்பீங்க. எனக்கு வாழ்க்கையில எதுலயும் பரிசு விழுந்ததில்ல. நான் குதிச்சிருப்பேன். நெஜமாவே குதிச்சிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் நின்னு அதைப் பார்த்திருப்பீங்க. அதை நெனச்சாத்தான் உடம்பெல்லாம் எரியுது."

ஒரு கட்டடத்தில் தூண் சாய்ந்தால் காரணம் சொல்வேன். இதற்கு முடியவில்லை.

சின்னவள் அவசரப்பட்டாள். அவள் அப்படித்தான். பழுதைக் கண்டால் உடனே ஸ்பேனரைப் போட்டுவிடுவாள்.

"சரி, இப்படிப் பண்ணலாம். வேனை நீ ஓட்டு. டிரைவர் கூலி நாலாயிரம் மிச்சம். உன் பங்குல கழிச்சுக்கலாம். யாரும் யாருக்கும் கொடுத்த மாதிரி இருக்காது."

ஸ்டியரிங் குழாயை மூடினாள்.

"தாளைக் காட்டுங்க."

நான் போனை நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வரி வரியாகப் படித்தாள். நான் பார்த்த மேலதிகாரிகளில் பாதிப் பேர் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

"டிரைவர் எங்க சாப்பிடுவான்?"

"அது... சாப்பாட்டுக் கணக்குல..."

"ஏழு பேருக்குத்தான் போட்டிருக்கீங்க. டிரைவர் எட்டாவது ஆளு. சரி, எங்க தூங்குவான்? வீட்டுல ஏழு படுக்கை."

நான் திரும்பவும் தாளைப் பார்த்தேன். டிரைவருக்குக் கூலி இருந்தது. சாப்பாடு இல்லை. படுக்கை இல்லை. ஒன்பது வருஷமாக எஸ்டிமேட் போடுகிறவன் ஒரு ஆளையே விட்டிருந்தேன்.

"எல்லாரும் அப்படித்தான் அத்தான் போடுவாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "லீவு நாள்ல வேன் ஓட்டப் போவேன். போன வருஷம் இதே ஏரிக்கு ஒரு கூட்டத்தைக் கூட்டிட்டுப் போனேன். இதே மாதிரி கல்யாணப் பொண்ணு, இதே மாதிரி தோழிங்க. ரெண்டு ராத்திரியும் வேன்லதான் படுத்தேன். உள்ள பாட்டும் சிரிப்பும் கேட்டுக்கிட்டே இருந்துது. ஒரு பொண்ணு தட்டுல சாப்பாடு கொண்டுவந்து ஜன்னல் வழியா கொடுத்துட்டு, 'அக்கா உங்களை மறந்தே போயிட்டோம்'னா."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் இன்னொரு தடவை அந்த ஏரிக்குப் போனா வீட்டுக்குள்ள தூங்கணும்டி. சம்பளத்துக்கும் வர மாட்டேன், இலவசத்துக்கும் வர மாட்டேன். என் காசுல வரணும்."

"உன் காசு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நான் பேசியது எனக்கே தெரிந்தது. வேலையில் கேட்பதுபோலக் கேட்டிருந்தேன். கையில் எவ்வளவு இருக்கிறது, அதற்குள் எத்தனை சதுர அடி கட்டலாம்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். தயங்கவில்லை.

"மூவாயிரத்து ஐநூறு."

"சரி."

"ஏழு மூவாயிரத்து ஐநூறு எவ்வளவு?"

"இருபத்துநாலாயிரத்து ஐநூறு."

"அதுக்குள்ள ஏழு பொண்ணுங்களை ரெண்டு நாள் ஒரு ஏரிக்குக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னா, நீங்க என்ன எஸ்டிமேட்டர்?"

சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். நான் பேருந்தின் படியில் உட்கார்ந்தேன்.

"பேனா இருக்கா?" என்றேன்.

*

கட்டடத்தைக் கீழிருந்துதான் கட்டுவார்கள். எஸ்டிமேட்டைச் சில சமயம் மேலிருந்து இறக்க வேண்டும். தொகை முதலில், மற்றதெல்லாம் அதற்குள்.

வேன் என்ற வரியை அடித்தேன். "லைன் பஸ்" என்றாள் ஸ்டியரிங். "காலைல ஆறரைக்கு ஒண்ணு இருக்கு. போக வர ஆளுக்கு அறுநூறு. யாரோ ஓட்ட நான் பின்னாடி உக்காந்து தூங்கிக்கிட்டே போகணும்னு எவ்வளவு நாளா ஆசை தெரியுமா?"

பெரிய வீட்டை அடித்தேன். ஏரியின் வடக்குக் கரையில் ஒரு சின்ன வீடு இருந்தது. முன்பு படகுத்துறையில் வேலை பார்த்தவருடையது. அவள் வேன் நிறுத்திய இடத்துக்கு எதிர்வீடு. அவளே போன் போட்டாள். பதின்மூன்றாயிரம் என்றார். அவள் பேசிய பேச்சில் பதினொன்றுக்கு இறங்கினார். பாட்டு டீச்சர் அவளிடம் பாடம் கற்க வேண்டும்.

"படுக்கை அஞ்சுதானாம்" என்றாள், போனைக் கையால் மூடி.

"ரெண்டு பேர் தரையில" என்றாள் சின்னவள். "நானும் நீயும். விடுதியில படுத்த மாதிரி."

சமையல் நாமே. ஆளுக்கு எண்ணூறு. மோட்டார் படகு வேண்டாம், மிதிக்கிற படகு. ஆளுக்கு இருநூறு. பத்து சதவீதத்தை எடுத்துவிடலாம் என்றாள் சின்னவள். நான் மறுத்துவிட்டேன். எதிர்பாராதது வரும் என்று எனக்குத் தெரியும். அவளும் அதற்குமேல் வாதாடவில்லை.

கூட்டினேன். இருபத்துநாலாயிரத்து நானூற்று இருபது.

மறுபடி கூட்டினேன். அதேதான்.

"எண்பது மிச்சம்" என்றேன்.

பெரிய கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். எதிலும் எண்பது மிச்சம் பிடித்ததில்லை.

"எண்பதுக்கு ஒரு சீட்டுக்கட்டு வாங்குங்க அத்தான்" என்றாள் ஸ்டியரிங். "ஐம்பத்திரண்டுலயும் ஒரே ராணி இல்லாம பார்த்து வாங்குங்க."

சின்னவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "உன்னைப் பாவம்னு நெனச்சுட்டேன்டி."

"அதான் தெரியுமே. எழுதியே அனுப்பினீங்களே."

குரூப்பில் மறுபடி சேர்ந்து அவளே அந்தத் தாளை அனுப்பினாள். கீழே ஒரு வரி எழுதினாள். 'இது என்னால முடிஞ்ச டூர். யாருக்கு வேணும்?'

பல் டாக்டர் முதலில். 'எனக்கு. நேரத்துக்கு வருவேன். பட்ஜெட் அத்தான் எழுதிக்கட்டும்.' அடுத்தடுத்து வந்தன. கடைசியாகப் பாட்டு டீச்சர். 'மூவாயிரத்து நானூறு ஆகாதா?'

ஸ்டியரிங் அந்த வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்க உள் தாள்ல ஒண்ணு மட்டும் கரெக்ட்டு அத்தான்."

திரும்பி வரும்போது சின்னவள் மெதுவாக ஓட்டினாள். ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"பாத்தீங்களா எங்க ஆளை?"

"பாத்தேன்."

"அக்கா இருந்திருந்தா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லை. மூத்தவள் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள். ஸ்டியரிங்கைப் பற்றி மட்டும் இல்லை. முகத்துக்கு நேரே போய் நின்று திட்டு வாங்கிக்கொண்ட தன் தங்கையைப் பற்றியும். நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. இது என் மச்சினி. லிஃப்ட் மெக்கானிக்.

*

சாயங்காலம் ஆறு மணிக்கு உள் தாளைத் திறந்தேன். 'இயலாது' என்ற சொல்லை அழித்தேன். பதிலுக்கு எதுவும் எழுதவில்லை. பிறகு அந்தக் கடைசிக் கட்டத்தையே எடுத்துவிட்டேன்.

படியில் மெதுவான காலடி. ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறுத்தம். மாமியார்.

"உக்காருங்க அத்தை."

"இருக்கட்டும் மாப்பிள்ளை." உட்கார்ந்தார். அளவு நாடாவைத் தோளிலிருந்து எடுத்துச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார். "வீடு மாறிடுச்சாமே. சின்ன வீடாமே."

"ஆமா அத்தை."

"அதுல படி எத்தனை?"

"மூணுதான்னு சொன்னாங்க."

"மூணு ஏறிடுவேன்" என்றார்.

நான் நிமிர்ந்தேன். காலையில் கேட்டது நினைவு வந்தது. படி. தண்ணீரின் ஆழம். ஒரு வாரமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். கம்பளி கொடுப்பார்களா, குளிக்க வெந்நீர் வருமா. வெறும் தொணதொணப்பு என்று நினைத்து நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

"மூத்தவ சொல்லியிருந்தா மாப்பிள்ளை. 'தங்கச்சி போறப்ப நீயும் வாம்மா, நான் பாத்துக்கறேன், அவங்க ஆடட்டும், நாம ரெண்டு பேரும் தண்ணியில காலை விட்டுக்கிட்டு உக்காந்திருக்கலாம்'னு." ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "நான் வீட்டை விட்டு ராத்திரி தங்கினதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். சும்மா ஒரு ஊருக்குப் போனதே இல்ல. பேச்சு ரொட்டின்னு கிண்டல் பண்ணிட்டு இப்ப எப்படிக் கேக்கறதுன்னுதான்..."

மடியிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்து மேசையில் வைத்தார். அவிழ்த்தார். காலர் தைத்த காசு. நான் எண்ணவில்லை. எண்ணிக் கொண்டுவந்திருப்பார் என்று தெரியும்.

"மூவாயிரத்து ஐநூறு. ஆளுக்கு அதுதானே?"

"அத்தை, நான் சின்னவகிட்ட மெதுவா..."

"வேணாம்." விரலுறை மாட்டிய விரலை நீட்டினார். "மெதுவா எல்லாம் வேணாம். குலுக்கல் கிலுக்கல் ஏதாவது பண்ணினீங்க, காலை ஒடிச்சிருவேன். உள் தாள்ல எழுதாதீங்க மாப்பிள்ளை. எல்லாரும் பாக்கற தாள்ல எழுதுங்க. கிழவி எதுக்குன்னு தோணினா அந்தப் பொண்ணுங்க என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். கேட்டுக்கறேன்."

அந்த முகத்தை எனக்குத் தெரியும். காலையில் பேருந்துக்கருகே ஒருத்தியிடம் அதைத்தான் பார்த்தேன். பதினான்கு மாதத்துக்கு முன்புவரை தினமும் இந்த அறையில் பார்த்தேன்.

தாளில் ஒரு வரி சேர்த்தேன். 'எட்டு: அம்மா. 3,500.'

"அனுப்பட்டுமா அத்தை?"

"அனுப்புங்க."

அனுப்பினேன். அனுப்பும் முன் எந்தத் தாள் என்று இரண்டு முறை பார்த்தேன்.

ஒவ்வொருவராகப் பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. ஐந்து. ஆறு. ஏழு. யாரும் எழுதவில்லை. மாமியார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'சின்னவள் எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது.

கீழே அறைக் கதவு படாரென்று திறந்தது. படியில் தடதடவென்று சத்தம்.

மாமியார் முடிச்சைக் கையில் எடுக்கவில்லை. மேசையிலேயே விட்டுவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, கதவைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.